உள்ளறைக் குறட்டை

"பனி விட்டதும் அந்த வேலியை..." என்று சொல்லிக்கொண்டிருந்த லோனி பாதியில் நின்றான்.

அடுப்பிலிருந்து சோளரொட்டியை எடுத்துக்கொண்டிருந்த ரேவா, ஏதோ யோசிக்கிறான் என்று நினைத்தாள். ரொட்டியைத் தட்டில் கவிழ்த்து, துண்டு போட்டு, வெண்ணெய் தடவி முடித்த பிறகும் அவனிடமிருந்து மீதிப் பேச்சு வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் அவன் கரண்டி அந்தரத்தில் நின்றிருந்தது. அதிலிருந்து பீன்ஸ் சாறு மேசைத் துணியில் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. தாடை தொங்கியிருந்தது. குளிர்பெட்டியின் முனகல், அடுப்புக்குள் கரித்துண்டு சரிகிற ஓசை, ஜன்னலுக்கு வெளியே கூரை விளிம்பிலிருந்து நீர் ஒழுகுவது, எல்லாம் வழக்கம்போலக் கேட்டன. அவன் மூச்சு மட்டும் கேட்கவில்லை.

"லோனி?"

தலை ஒரு வெட்டு வெட்டி நிமிர்ந்தது.

"...சரி பண்ணிடணும். மான் உள்ள வந்து மேயுது," என்று முடித்துவிட்டுக் கரண்டியை வாயில் வைத்தான்.

எதிர் நாற்காலியில் இருந்த பிரைலி கைதட்டிச் சிரித்தாள். அவளுக்கு நான்கு வயது. ரேவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் எங்கோ போய்விட்டு வந்தது அவனுக்கே தெரியவில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. அந்த இடைவெளியில் அவன் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தது?

மேற்கு வர்ஜீனியாவின் அந்த மலையிடுக்கில் வீட்டுக்கு ஒரு ஆள் சுரங்கத்துக்குப் போவான். லோனியும் போனான். கூரைப்பாறை ஒன்று சரிந்து அவன் முதுகில் இறங்கியது. அறுவைச் சிகிச்சை நடந்தது, முதுகெலும்பில் திருகாணிகள் ஏறின, வலி மட்டும் இறங்கவில்லை. முதலில் மாத்திரை. அது போதாமல் பெரிய மாத்திரை. அதுவும் போதாமல், பழைய செருப்புக்கடை இருந்த இடத்தில் புதிதாகத் திறந்த வலி மருத்துவமனையின் டாக்டர், தோலில் ஒட்டுகிற, அபின் வகை மருந்து தடவிய பிளாஸ்திரி எழுதிக்கொடுத்தார்.

"மாத்திரைன்னா ஏறும், இறங்கும். இது தோல் வழியா சீரா உள்ள போகும். ரொம்பப் பாதுகாப்பு. மூணு நாளைக்கு ஒண்ணு ஒட்டினா போதும்."

"வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு டாக்டர்," என்றாள் கூடப் போயிருந்த ரேவா.

"எட்டாத இடத்துல வைங்க," என்றார் அவர். அதற்குள் அவர் கண் வாசலில் நின்ற அடுத்த ஆளிடம் போயிருந்தது. வாசலில் நின்றவன் கூட்டத்தின் முதல் ஆள்தான். வரிசை தெருமுனை வரைக்கும் நீண்டிருந்தது.

ரேவா பெட்டியை அலமாரியின் மேல்தட்டில், மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. லோனி நிமிர்ந்து நடந்தான். பிரைலியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடை வரைக்கும் போனான். பிறகு மெல்ல மெல்ல அவன் இருக்கும்போதே இல்லாமல் போக ஆரம்பித்தான். விரலிடுக்கில் சிகரெட் எரிந்து தோலைத் தொட்டு, கருகல் வாடை கூடம் முழுக்கப் பரவியும் கை அசையவில்லை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியது. அவன் வியர்வையில், நனைந்த செம்புக் காசு போல ஒரு வாடை வந்தது. படுக்கையில் பக்கத்தில் கிடந்து ரேவா அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு. அப்புறம் ஒன்றுமில்லை. அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பாள். கிணற்றின் அடியிலிருந்து யாரோ வாளியை இழுப்பது போல அடுத்தது மேலே வரும்.

குறட்டை விட்ட நாட்களில்தான் நிம்மதி. சத்தம் இருந்தால் ஆள் இருக்கிறான்.

"குறட்டை விடறானா? அப்ப உயிரோட இருக்கான்னு அர்த்தம். நீ பேசாம தூங்குடி," என்றாள் தொலைபேசியில் அவள் அக்கா மார்லா. "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். முன்னெல்லாம் பிரசங்கம் ஆரம்பிச்சாத்தான் சர்ச்சுல ஆம்பளைங்க தூங்குவாங்க. இப்ப பாட்டு பாடும்போதே தூங்கறாங்க. பாதிரியாரே போன வாரம் ஆமென் சொல்ல மறந்துட்டு நின்னாரு."

இருவரும் சிரித்தார்கள். 

பிரைலி அதை விளையாட்டாக்கிக்கொண்டாள். பொம்மைக்குச் சோறூட்டிக்கொண்டே தலையைத் தொங்கப்போட்டு, வாயைப் பிளந்து, கரண்டியை அந்தரத்தில் நிறுத்துவாள். "நான் அப்பா," என்பாள். அச்சு அசலாக இருக்கும். ரேவா கரண்டியைக் கையிலிருந்து வாங்கிவிடுவாள்.

பெரும்பனி கொட்டியது. மின்சாரம் போனது. ஓடைப்பாலத்துக்கு அப்பால் சாலை மூடிக்கிடக்கிறது என்று மார்லா சொன்னாள். மருந்துக்கடை அந்தப் பக்கம். லோனியின் பெட்டியில் ஒன்றும் மிச்சமில்லை. முதுகில் ஒட்டியிருந்ததுதான் கடைசி. அதற்கும் அதுதான் கடைசி நாள்.

குளிருக்குப் பயந்து மூவரும் ஒரே கட்டிலில் படுத்திருந்தார்கள். கரியடுப்பின் சூடு ஒரு பக்கம், போர்வைகளின் பாரம் ஒரு பக்கம். மருந்து குறையக் குறைய லோனிக்கு வியர்த்துக் கொட்டியது. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குப்புறக் கிடந்தான். விடிந்தபோது பிரைலி இரவு உடை மேலேறிய முதுகோடு அப்பாவின் ஈர முதுகில் ஒட்டிக்கொண்டு, குட்டிப் பூனை போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நாளாயிற்று இவர்கள் இப்படித் தூங்கி என்று ரேவா நினைத்துக்கொண்டாள். அவர்களை எழுப்ப மனம் வரவில்லை.

எழுந்ததிலிருந்து லோனிக்கு மூக்கு ஒழுகியது. கொட்டாவி மேல் கொட்டாவி. கால்கள் தாமாக உதறின.

"நாளைக்கு ரோட்டைத் திறக்கலைன்னா?"

"திறப்பாங்க."

"திறக்கலைன்னா என்ன பண்றதுன்னு கேட்டேன்."

"பொறுத்துக்கணும்."

"உன் முதுகா இது? சுலபமாச் சொல்ற."

ரேவா பிரைலிக்கு ஒன்றின் மேல் ஒன்றாகக் கம்பளிச் சட்டைகளை மாட்டிவிட்டாள். குழந்தை மூக்கை மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட்டைத் தொடவில்லை. சளி பிடிக்கப்போகிறது என்று ரேவா நினைத்தாள்.

மதியச் சாப்பாட்டின்போதே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. அந்த இடுக்கில் குளிர்காலச் சூரியன் மலைமுகட்டில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். ஜன்னலில் பாதி வரைக்கும் பனி ஏறியிருந்ததால் சமையலறை முழுவதும் கழுவிய பால்பாத்திரம் போல வெளுத்துக் கிடந்தது.

"அம்மா, பனி மனுஷனுக்கு மூக்கு..."

ரேவா காத்திருந்தாள்.

பிரைலியின் தலை சாய்ந்திருந்தது. வாய் பிளந்திருந்தது. கரண்டி அந்தரத்தில்.

ரேவா மேசையில் ஓங்கித் தட்டினாள். "அப்பா மாதிரி செய்யாதேன்னு எத்தனை தடவை சொல்றது! சோறு முன்னாடி இதென்ன விளையாட்டு?"

குழந்தை திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "...வேணும்," என்றாள். பிறகு முகத்தைத் தேய்த்துக்கொண்டு, "தூக்கம் வருதும்மா," என்றாள்.

திட்டிவிட்டோமே என்று ரேவாவுக்கு மனம் இளகியது. தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். லோனி சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தான். அவன் பக்கத்தில் குழந்தையைக் கிடத்தி, கழுத்து வரை போர்த்தி, இன்னொரு கம்பளியும் போட்டு, கால்மாட்டில் சூடான செங்கல்லைத் துணியில் சுற்றி வைத்தாள். நெற்றியில் முத்தமிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். தோல் சுருள் சுருளாகச் சட்டியில் விழுந்தது. வீட்டில் மின்சாரம் இல்லாத அமைதி இருந்தது. குளிர்பெட்டி முனகவில்லை, விளக்கு இரையவில்லை, சுவர்களுக்குள் ஓடும் எந்தச் சின்ன ரீங்காரமும் இல்லை. அதனால் கூரைமேல் பனி அழுந்துவதுகூடக் கேட்டது. மரச்சட்டம் பல்லைக் கடிப்பது போல நெரிந்தது. பின்பக்கம் எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்துக்கொண்டது. பிறகு உள்ளறையிலிருந்து குறட்டை எழுந்தது.

அப்பாடா, தூங்கிவிட்டான்.

ரேவாவின் தோள் தளர்ந்தது. ஆறிப்போன காப்பியை ஊற்றிக்கொண்டாள். இனி மாலை வரைக்கும் கால் உதறல் இல்லை, ஏச்சு இல்லை. சாலை திறந்துவிடும். எல்லாம் சரியாகிவிடும். குறட்டை ஈரமாக, மெதுவாக வந்துகொண்டிருந்தது. உறிஞ்சுகுழாயில் அடிமட்டத் தண்ணீரை இழுப்பது போல ஒரு களகளப்பு. வழக்கத்தைவிட மெல்லிய சத்தம். கதவு சாத்தியிருப்பதால் அப்படிக் கேட்கிறது.

நின்றது.

கத்தி கிழங்கில் நின்றது. அவளும் மூச்சை அடக்கிக்கொண்டாள். கூரை நெரிந்தது. சாளரத்தில் பனி உரசியது.

வந்தது.

போய்ப் புரட்டிப் படுக்க வைக்கலாமா என்று நினைத்தாள். எழுந்தான் என்றால் மறுபடி வலி, மறுபடி கத்தல், குழந்தையும் எழுந்துவிடும். தூங்கட்டும். சத்தம் இருக்கிறதல்லவா? சத்தம் இருந்தால் ஆள் இருக்கிறான். இன்னொரு கிழங்கை எடுத்தாள்.

மறுபடி நின்றது. இந்தத் தடவை நெடுநேரம். கிழங்கு கையில் வழுக்கியது. சமையலறையின் மூலைகளில் இருட்டு கரித்தூள் போல அடியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவள் காது ஒன்றுதான் விழித்திருந்தது. வா. வந்துவிடு.

வந்தது. அடித்தொண்டையில் ஒரு குமிழி உடைகிற மாதிரி.

அப்போது சமையலறையின் வெளிக்கதவு தள்ளித் திறந்தது.

லோனி நின்றான்.

தோளில் பனி. தலைமயிரில் பனி. கைகள் முழங்கை வரைக்கும் கரி. பனிக்காற்று அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது.

"ரேவா," என்றான். பற்கள் கிடுகிடுத்தன. "என் பிளாஸ்திரியைப் பாத்தியா? முதுகுல காணோம். காலைல கரி அள்ளும்போது விழுந்திருக்கும்னு பின்கதவு வழியாப் போய்க் கொட்டகை முழுக்கத் தோண்டிப் பாத்துட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால், சாத்திய கதவுக்கு உள்ளே, குறட்டை கேட்டது.

கிழங்குச் சட்டி உருண்டது. கூடம். கதவு. அரையிருட்டு. கட்டிலில் சுவர்ப்பக்கம் வெறும் பள்ளம். கம்பளிகளுக்கு அடியில் சின்ன மேடு. அசையாத மேடு.

"பிரைலி!"

முகம் மெழுகு. உதடு மை தோய்ந்த மாதிரி. இமையை விலக்கினாள். ஊசிமுனை. கன்னத்தில் அறைந்தாள். தலை போன பக்கமே போயிற்று. கம்பளியை இழுத்தாள். ஒரு சட்டை. இன்னொரு சட்டை. பித்தான் தெறித்தது. புரட்டினாள்.

தோள்பட்டைகளுக்கு நடுவில். கண்ணாடித்தாள் போல. ஓரம் கூடத் தூக்காமல், படிய ஒட்டிக்கொண்டு.

பிய்த்தாள். தோலும் கூட வருவது போல வந்தது. எறிந்தாள்.

"போன்! லோனி, போன் பண்ணு!"

அவன் உள்ளறை வாசலில் நின்றான். நகரவில்லை. அவளே ஓடினாள். கூடத்துச் சுவரிலிருந்து தொலைபேசியின் சுருள்வயரை இழுத்தபடி கட்டிலுக்கு வந்தாள். மறுமுனையில் ஒரு பெண்குரல். நிதானமாக இருந்தது. வண்டி கிளம்பிடுச்சும்மா. பனி தள்ளுற வண்டி முன்னாடி போகணும். நேரமாகும். மூச்சு விடறாளா?

"இல்ல. இல்ல. நின்னுடுச்சு."

தலையைப் பின்னால சாய்ங்க. மூக்கைப் பிடிங்க. வாயோட வாய் வெச்சு ஊதுங்க. நெஞ்சு எழும்புதா பாருங்க.

ஊதினாள். எழும்பியது. இறங்கியது. தானாக எழும்பவில்லை. ஊதினாள். குழந்தையின் வாயில் பீன்ஸ் வாசனை. ஊதினாள்.

நிறுத்தாதீங்க, என்றது தலையணையில் கிடந்த குரல். வண்டி வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.

பின்னால் தரைப்பலகை முனகியது. லோனி வருகிறான். வரட்டும். மண்டியிடட்டும், குழந்தையின் கையைப் பிடிக்கட்டும். அவன் நிழல் போர்வைமேல் விழுந்தது. கரி அப்பிய கை அவள் முழங்கையை உரசிக்கொண்டு நீண்டது. குழந்தையைத் தாண்டியது. போர்வை மடிப்புக்குள் துழாவியது.

ஊதினாள்.

எடுத்துவிட்டான். கதவுப்பக்கம் இருந்த மங்கல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தான். ஒட்டியிருந்த கம்பளி இழையை நகத்தால் கிள்ளி எறிந்தான்.

"லோ..." என்று தொடங்கினாள். பேச மூச்சில்லை. இருந்த மூச்சு குழந்தைக்கு வேண்டியிருந்தது. ஊதினாள்.

அவன் சட்டையைத் திறந்தான். பிளாஸ்திரியை நெஞ்சில் வைத்தான். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். கண்களை மூடினான். தோல் பிடித்துக்கொள்ளும் வரைக்கும், கட்டிலருகில், சர்ச்சில் நிற்பதைப் போல அசையாமல் நின்றான்.

நிறுத்தாதீங்க, என்றது குரல்.