மூடாத பீர்க்கம்பூ

ஞாயிற்றுக்கிழமை மதியம் பீர்க்கங்காய்க் கூட்டு சாப்பிட்டுப் படுத்தால் தாரணிக்குப் பிரணவ் வருவான். செத்துப்போன கணவனைக் கூட்டுக்குள் வைத்துத் தருகிற காலம் அது. கோயம்புத்தூரில் பாதிப் பேர் மொட்டைமாடியில் இப்படி யாரையாவது காய்க்கவைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கருவிக்கு நினைவேற்றி என்று பெயர். நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு, வேண்டிய நாளை நினைத்தபடி உட்கார்ந்தால் போதும், அது விதைக்குள் இறங்கிவிடும். விதை முளைத்து, அதில் காய்த்ததைச் சாப்பிட்டுத் தூங்கினால் அந்த நாள் கனவாக வரும்; அந்தக் காயின் விதையைப் போட்டாலும் அதே நாள்தான். தாரணி இறக்கிவைத்தது வால்பாறை டீக்கடையில் ஒரு மழை நாளை. தகரக்கூரை சடசடக்கும். பிரணவ் டம்ளரை ஊதிக்கொண்டே, "மழை வுடட்டும் அம்மணி, போலாம்" என்பான். அவள் நினைவில் இருந்ததற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். அந்த ஒரு வரிக்காக அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள்.

பீர்க்கம்பூ சாயங்காலம் விரியும். அதற்குள் பெண்மொட்டுகளுக்குக் காகித உறை மாட்டிவிடுவாள். விரிந்ததும் தன் கொடியின் ஆண்பூவையே எடுத்துத் தடவிவிட்டு மறுபடி மூடிவிடுவாள். எல்லாம் பக்கத்து மாடிக்குப் பயந்துதான். அங்கே கவின் மெழுகுபீர்க்கை வளர்த்தான். வரியில்லாத வழவழப்பான காய். அதற்குள் செத்துப்போன அவன் மனைவி மேகலா இருந்தாள். அந்த மகரந்தம் வந்து ஒட்டினால் இரண்டும் கலந்துவிடும்.

ஒரு வருஷம் பூக்கிற சமயத்தில் தாரணி காய்ச்சலில் படுத்துவிட்டாள். எழுந்து வந்து பார்த்தால் உறையில்லாத பூவெல்லாம் பிஞ்சாகியிருந்தது. சுவரோரம் நின்று சத்தம் போட்டாள்.

"ஏனுங் தம்பி, உங்க கொடியை அந்தப் பக்கம் நகர்த்தி வெச்சா ஆகாதா? என்ற வூட்டுக்காரர் கெட்டுப்போனா யாரு பொறுப்பு?"

"கொடியை நகர்த்தலாங்க்கா. தேனீ நாஞ்சொன்னா கேக்குமா?"

ஆனால் காய் பழையபடி கூர்வரிகளோடுதான் இருந்தது. கனவும் மாறவில்லை. அப்பாடா என்று, இருந்ததில் பெரிய காயை விதைக்கு முற்றவிட்டாள். காயின் சதை தாய்க்கொடியுடையது, அப்பன் யாரென்பது விதைக்குள்தான் தூங்கும். இத்தனை வருஷம் தோட்டம் போட்டவளுக்கு இது தெரியாமலில்லை. பயம் விட்ட சந்தோஷத்தில் மறந்துபோனாள், பாவம்.

அடுத்த வருஷக் காயில் வரிகள் மழுங்கியிருந்தன. இருந்தும் அதையே கூட்டு வைத்தாள்.

அதே கடை, அதே மழை. உள்ளே பிரணவ் சிரித்துக்கொண்டிருந்தான், தொடையில் தட்டித் தட்டி. எதிரில் பச்சைப் புடவையில் யாரோ ஒருத்தி, அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ற வூட்டுக்காரிக்கு எம்மேல ரொம்பப் பிரியமுங்க," என்றான் பிரணவ் அவளிடம். "காத்துப் படாம மூடியே வெச்சுக்குவா." வாசலில் நின்ற தாரணியை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விழித்ததும், கலந்தது மேகலாதான் என்று புரிந்து அழுதாள். அப்புறம் கோபம் வந்தது. டப்பாவில் பழைய விதை நாலு மிச்சம் இருந்தது. இந்தக் கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அதைப் போட்டால் அவளுடைய பிரணவ் திரும்பக் கிடைப்பான். கத்தியோடு மாடிக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் கவின் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"பச்சைச் சீலை கட்டுன உங்க வூட்டம்மாவை என்ற கடையில வந்து உக்காரச் சொன்னது யாரு? அத்தனை சிரிப்பு வேற!"

கவின் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டான்.

"சிரிச்சாளுங்களா?"

அவன் சுவரோரம் வந்து நின்றான்.

"எனக்கு அவ ஆசுபத்திரிக் கட்டுலோடதாங்க்கா வர்றா. பட்டையைக் கட்டி உக்காந்தப்ப வேற எதுவும் நெனப்புக்கு வல்லீங்க. வாரா வாரம் இருமிக்கிட்டே இருக்கா." அவன் தாரணியின் கத்தியைப் பார்த்தான். "பிடுங்கறதுக்கு முன்னால ஒரே ஒரு காய் குடுங்க்கா."

தன் கனவில் அத்தனை சிரித்த பிரணவ், தன் நினைவில் ஒருநாள்கூட அப்படிச் சிரித்ததில்லை என்பது தாரணிக்கு அப்போதுதான் உறைத்தது. கொடியில் கிடந்த பெரிய காயை அறுத்தாள். இரண்டாக வெட்டி ஒரு பாதியைச் சுவருக்கு மேலே நீட்டினாள். மாட்டியிருந்த உறைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பொழுது சாயச் சாயப் பூக்கள் விரிந்தன. தேனீ வந்ததும் அவள் விரட்டவில்லை.

மறுநாள் மதியம் அந்தப் பாதியைக் கூட்டு வைத்துச் சாப்பிட்டுப் படுத்தாள்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. தாரணி வாசலிலேயே நின்றாள். பிரணவ் பச்சைப் புடவைக்காரியோடு பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினான். இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அவளை உற்றுப் பார்த்தான். அவன் முகத்தில் அவளை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

"ஏனுங் அம்மணி, நனையறீங்களே. உள்ள வாங்க," என்று பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். "என்ற வூட்டுக்காரியும் உங்க சாடைதானுங்க. உங்க பேரு என்னங்க?"

தாரணி உட்கார்ந்து, தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, தன் பேரைச் சொன்னாள்.