பதினோரு மூச்சுக்குறிகள்

இசைத்தாள் ஸ்டாண்டின் விளிம்பில் ரப்பர் தூள் கிடந்தது. சாம்பல் நிறத்தில், புழு மாதிரிச் சுருண்டு, ஒரு சிட்டிகை இருக்கும். விரலால் தொட்டாள். இளஞ்சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் அழித்து முடித்த மாதிரி.

பயிற்சி அறையில் அவளைத் தவிர யாருமில்லை. அவளிடம் ரப்பரும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்பே அதைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டிருந்தாள்.

“நீதானா பாப்பா இது?” துடைப்பத்தோடு வாசலில் நின்ற கூட்டுகிற அக்கா இடுப்பில் கை வைத்தாள். “தெனமும் இந்த ரூம்லதான் இத்தனை தூளு. வாசிக்க வர்றீங்களா, அழிச்சு வெளையாட வர்றீங்களா?”

“நான் இல்லக்கா.”

“ஆமா, நான்தான் பரீட்சை எழுதி அழிக்கிறேன்.” சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அந்த இரட்டைக் கதவைச் சாத்தினால் வெளியுலகம் செத்துவிடும். சுவரெல்லாம் சத்தம் உறிஞ்சும் பலகை, ஜன்னல் கிடையாது, கதவில் மட்டும் உள்ளங்கை அகலக் கண்ணாடி. பழைய கம்பளத்தின் ஈர வாடையும் எத்தனையோ பேர் ஊதி விட்ட எச்சில் வாடையும் போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து புளித்திருக்கும், நின்றால் காதுக்குள் தன் ரத்தம் ஓடுவதே கேட்கும். இன்று அதற்கும் அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. மெல்லிய கீச்சு. இழுப்புக்காரர்களின் நெஞ்சில் கேட்பது.

புறாவின் சத்தம்.

புறா அவளுடைய வகுப்புத் தோழி. “நெஞ்சுக்குள்ள ஒரு புறா குடியிருக்குடீ, காலி பண்ண மாட்டேங்குது” என்று தன் இழுப்பைத் தானே கேலி செய்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டுதான் கிளாரினெட் ஊதினாள். வகுப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எங்கே மூச்சு எடுப்பது என்பதில் அத்தனை சுத்தம். மூட்டை தூக்குபவரின் மகளான இவளுக்கு அது நன்றாகவே புரிந்தது. குறுகலான படியில் ஏறும்போது அப்பா நாலாவது படியில் நின்று மூச்சு விடுவார். அந்தப் படியைத் தவறவிட்ட அன்று மூட்டையோடு உருண்டார். புறாவுக்கு அந்தப் படிகள் தாளில் இருந்தன. வரிகளுக்கு மேலே பென்சிலில் சின்னச் சின்னக் காற்புள்ளிகள். பதினோரு மூச்சுக்குறிகள்.

தேர்வுக்கு நாலு நாள் முன்புதான் ஆசிரியர் சொல்லி, புறா பழைய இடங்களை மாற்றிப் புதிதாகக் குறித்திருந்தாள். மனதில் இன்னும் ஏறவில்லை. தனி வாசிப்புக்கு மேல்வகுப்பில் இருந்ததோ ஒரே இடம். தேர்வு அறைக்கு வெளியே புறா தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் இவள் பதினொன்றையும் அழித்துவிட்டாள். கொஞ்சம் தடுமாறுவாள், அவ்வளவுதானே.

புறா நிறுத்தவில்லை. குறியைக் கண்ணால் தேடிக்கொண்டே, கிடைத்த இடத்தில் அரைகுறையாக மூச்சைப் பிடுங்கிக்கொண்டே ஊதினாள். இரண்டாம் பக்கத்தில் சரிந்தாள். மூன்றாம் நாள் மருத்துவமனையில் எல்லாம் முடிந்தது.

இன்று மாலை நினைவு நிகழ்ச்சி. அதே இசை, புறாவின் அதே தாள். புறாவின் அம்மாவே கொண்டுவந்து கையில் கொடுத்தது. காலையில் வாங்கும்போது குறி ஒன்றும் இல்லாமல் வெறுமையாகத்தான் இருந்தது. சத்தியமாக வெறுமையாகத்தான் இருந்தது.

இப்போது ஸ்டாண்டில் விரித்தாள். பதினோரு குறிகளும் இருந்தன. கறுப்பாக. புறாவின் கை.

கதவு தட்டப்பட்டது. புறாவின் அம்மா.

“தொந்தரவு பண்றேனா கண்ணு?”

“இல்லம்மா. வாங்க.”

“ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்.” அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள். “வீட்டுல நூறு தடவை வாசிச்சாளே. அன்னிக்கு மட்டும் ஏன் மூச்சு எடுக்க மறந்தா? நான் காலையில அவகூடச் சண்டை போட்டேன். அதனாலயா?”

இதுதான் நேரம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“பதட்டம்மா. அவ்வளவுதான்.”

“நான் சண்டை போட்டதனாலதான்.” அம்மா தலையை ஆட்டினாள். “நீ வாசி தாயி. நான் வெளியில இருக்கேன்.”

கதவு சாத்திக்கொண்டது.

கிளாரினெட்டை எடுத்தாள். வாயில் வைத்தாள். முதல் குறியில் மூச்சு எடுத்தாள். பக்கத்தில் யாரோ கூடவே எடுத்தார்கள். கீச்சு. இரண்டாவது குறி. மறுபடியும். காதோரம், ஈரமாக.

திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது குறி அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழிந்தது. முதலில் வால். பிறகு தலை. காகிதம் லேசாக நடுங்கியது. விளிம்பில் தூள் விழுந்தது.

மூச்சை இழுத்தாள். நெஞ்சு திறக்கவில்லை. குறி இல்லாத இடத்தில் நெஞ்சு திறக்கவில்லை.

உதட்டைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. விரல்கள் தம்பாட்டுக்கு ஓடின. நாலு. ஐந்து. ஆறு. ஏழு. அவள் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொன்றாக அழிந்தன.

கதவுக் கண்ணாடியில் அம்மாவின் முகம். ஒரு சத்தமும் வெளியே கேட்காது. ஓடும் விரல்களை மட்டும் பார்த்து, அம்மா தாளத்துக்குத் தலையசைத்தாள். கண்ணைத் துடைத்தாள். சிரித்தாள்.

சொல்லிடறேன். நான்தாம்மா. சொல்லிடறேன்.

வாய் நிறைய கிளாரினெட்.

இரண்டாம் பக்கம். எட்டு. ஒன்பது. பத்து. தூள் மடியில் கொட்டியது. அவளுடைய நெஞ்சுக்குள் ஒரு புறா முனகத் தொடங்கியது.

பக்கத்தின் கடைசி வரி. அதன் கடைசியில் ஒரே ஒரு குறி.

அதன் வால் அழியத் தொடங்கியது.