கிரேவி எதைப் பார்த்து ஊளையிட்டது?

"ஊ... ஊ... ஊஊஊ!"

காலையில் பேசெட் ஊரிலிருந்து கிளம்பியதுமே நாய் கிரேவி தொடங்கிய ஊளை அது. மக்காச்சோள வயல்கள் முடிந்து புல்மேடுகள் வந்துவிட்டன. ஊளை மட்டும் முடியவில்லை.

"பி ஃபிளாட் சுருதி," என்றார் முன் இருக்கையில் இருந்த அப்பா, ஒரு காதைப் பொத்திக்கொண்டு. அவர் பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுப்பவர். "என் வகுப்புல டிரம்பெட் ஊதுற பசங்களுக்குக்கூட இப்படி ஒரே சுருதியில நிக்காது."

"அப்போ அவனையும் பேண்டுல சேர்த்துக்கோயேன்," என்றார் அம்மா.

வண்டியை ஓட்டியது அம்மாதான். தினமும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஆனால் கேம்பரை இழுத்துக்கொண்டு ஓட்டுவது இதுதான் முதல் தடவை. பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி, சங்கிலி போட்டு, கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ள ஒரு குட்டி வீட்டையே இழுத்துக்கொண்டு போனார்கள். அதனால் அம்மா சூரியகாந்தி விதையைக்கூடக் கவனமாகத்தான் கொறித்தார்.

பின் இருக்கையில் மூன்று பேர். இந்தப் பக்கம் பத்து வயது ஹேட்டி. அந்தப் பக்கம் அவளுடைய அண்ணன் கிளைட். நடுவில் கிரேவி. பழுப்பு நிறம், தொங்கும் காது, பெரிய தலை. மார்பில் பட்டை கட்டி அதை இருக்கை பெல்ட்டோடு பூட்டியிருந்தார்கள். அப்படிப் பூட்டியிருந்தும் அது உடம்பை முறுக்கிப் பின்பக்கமே திரும்பி உட்கார்ந்து ஊளையிட்டது.

"உன் நாய்க்கு மறை கழண்டுடுச்சு," என்றான் கிளைட்.

"நல்லா இருக்கும்போது நம்ம நாய். கத்தினா மட்டும் என் நாயா?" என்றாள் ஹேட்டி.

ஆனால் அவளுக்கும் குழப்பம்தான். கிரேவிக்கு இந்த வண்டி என்றால் உயிர். கதவைத் திறந்தால் போதும், கூப்பிடாமலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கு மட்டும் ஏன் இப்படி?

வேலன்டைன் ஊரில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். கிரேவி உடனே வாயை மூடிக்கொண்டது. ஹேட்டி முதலில் கயிற்றை மாட்டினாள், பிறகுதான் கதவைத் திறந்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் அந்த வரிசை மாறவே கூடாது.

அப்பா கீழே இறங்கிக் காதைக் குடைந்தார். "இதுக்கு ஒரு முடிவு கட்டணும். வயோமிங் ஏரி வரைக்கும் இப்படியே போனா, அங்க போய் இறங்குறதுக்குள்ள நானும் ஊளை விட ஆரம்பிச்சுடுவேன்."

"சாட்ரன்ல வெர்னீஸ் அத்தை வீடு இருக்கு," என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒரு வாரம் அங்க விட்டுட்டுப் போகலாம்."

ஹேட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத்தை வீட்லயா? அங்க ஒன்பது பூனை இருக்கே!"

"பூனைங்கதான் பாவம்," என்றான் கிளைட்.

"அதெல்லாம் வேண்டாம்," என்றார் அப்பா. "எனக்கு ஒரு யோசனை. அவன் கேம்பரையே பார்த்துப் பார்த்துக் கத்துறான், கவனிச்சீங்களா? ரெண்டு வாரமா வீட்டு முன்னாடி நின்ன கேம்பர்ல அவன்தானே ராஜா மாதிரி தூங்கினான்? அங்க போகணும்னு கேக்குறான். கேம்பர்லயே ஏத்திடுவோம். அவனும் நிம்மதியா வருவான், நம்ம காதும் பிழைக்கும்."

அம்மா சூரியகாந்தித் தோலைக் காகிதக் குவளையில் துப்பினார். "ஓடுற கேம்பருக்குள்ள யாரும் இருக்கக்கூடாதுன்னு முதல் நாளே பேசி வெச்சோமே, வெண்டெல்."

"அது நமக்கு, டொரீன். அவனுக்கு நாலு கால். விழ மாட்டான்."

ஹேட்டி கேம்பரை ஏறிட்டுப் பார்த்தாள். வெள்ளையாக, சாதுவாக நின்றது. அவளுக்குள் ஒரு கேள்வி முளைத்தது.

"அப்பா, ஓடும்போது உள்ள என்ன நடக்கும்?"

"என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது. காலியா வரும்."

"அது எப்படித் தெரியும்? நீங்க பார்த்திருக்கீங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தோளைக் குலுக்கினார். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஓடும் கேம்பருக்குள் என்ன நடக்கிறது என்று அவர்கள் யாருமே பார்த்ததில்லை.

"அப்போ முதல்ல வேற ஒருத்தரை அனுப்பிப் பார்ப்போம்," என்றாள் ஹேட்டி.

"யாரை? என்னைப் பார்க்காதே," என்றான் கிளைட்.

ஹேட்டி பார்த்தது அவனை இல்லை, வண்டியில் கிடந்த நாய்த்தீனி மூட்டையை. கிட்டத்தட்ட கிரேவியின் கனம்தான் இருக்கும். அவளும் கிளைட்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், கேம்பருக்குள் கிரேவியின் மெத்தையில் உட்கார வைத்தார்கள். கிளைட் தன் தொப்பியைக் கழற்றி அதன் தலையில் வைத்தான்.

"கிரேவி நம்பர் ரெண்டு, சமர்த்தா வரணும். ஊளை விடக்கூடாது," என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

அப்பா சிரித்தார். "சரி. கார்டன் ஊர் வரைக்கும் மூட்டை போகட்டும். அங்க திறந்து பார்ப்போம். மூட்டை அப்படியே இருந்தா, நம்ம ஆளை ஏத்திடணும். அப்புறம் யாரும் மறுபேச்சுப் பேசக்கூடாது."

கிளம்பும் முன் அம்மா வண்டியைச் சுற்றி நடந்துகொண்டே குரல் கொடுத்தார்.

"படி?"

"மடிச்சாச்சு!" என்றான் கிளைட்.

"சங்கிலி?"

"மாட்டியிருக்கு!" என்றார் அப்பா.

"நாய்?"

"பூட்டியாச்சு!" என்றாள் ஹேட்டி.

வண்டி நகர்ந்தது. "ஊஊஊ!" என்று உடனே தொடங்கியது கிரேவி. அப்பா இரண்டு காதுக்குள்ளும் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

கார்டன் ஊர் வந்ததும் நால்வரும், கயிற்றில் கட்டிய கிரேவியும் கேம்பர் கதவருகே கூடினார்கள். ஜூலை வெயில் தலையைப் பிளந்தது. அம்மா கதவைத் திறந்தார். அடுப்பைத் திறந்தது போல அனல் அடித்தது. கூடவே சலசலவென்று ஏதோ கொட்டியது. நாய்த்தீனி!

மூட்டை மெத்தையில் இல்லை. கேம்பரின் நீளம் முழுக்க உருண்டு வந்து, கதவில் மோதி, வாய் கிழிந்து கிடந்தது. மேல் அலமாரி திறந்திருந்தது. தக்காளி சாஸ் பாட்டில் உடைந்து தரையெல்லாம் சிவப்பு. தொப்பி எப்படியோ பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போயிருந்தது.

"ஐயோ, என் தொப்பி!" என்றான் கிளைட்.

அப்பா கிரேவியின் மெத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரியில் இருந்த கனமான இரும்பு வாணலி அதன் நட்ட நடுவில் கிடந்தது. கிரேவி படுத்திருந்தால் தலை இருந்திருக்கும் இடம் அது.

அவர் மெல்லக் குனிந்து கிரேவியைக் கட்டிக்கொண்டார். "தெரியாமப் பேசிட்டேன்டா, பையா," என்றார். கிரேவி அவருடைய காதில் இருந்த பஞ்சை நக்கிப் பார்த்தது.

எல்லாவற்றையும் கூட்டித் துடைத்தார்கள். கேம்பர் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் ஊளை முடியவில்லையே! வாகனங்கள் சீறிப் பாயும் சாலையில், காதருகே ஊளையைக் கேட்டுக்கொண்டு அவ்வளவு பெரிய பாரத்தை இழுப்பது அம்மாவுக்குப் பெரும்பாடாக இருந்தது. அவர் வெர்னீஸ் அத்தைக்குப் போன் போட்டார்.

"அத்தை சரின்னுட்டாங்க," என்றார், ஹேட்டியின் முகத்தைப் பார்க்காமலே. "எனக்கு வேற வழி தெரியலை, கண்ணு. கவனம் சிதறினா நம்ம எல்லாருக்கும் ஆபத்து. அவனுக்கும்தான்."

ஹேட்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிரேவி இல்லாமல் ஏரியா? தண்ணீரில் குச்சியை எறிந்தால் யார் போய் எடுத்து வருவார்கள்? சாட்ரன் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

அவள் கிரேவியை உற்றுப் பார்த்தாள். அது திறந்திருந்த கேம்பர் வாசலில் கூட்டியும் மிஞ்சிக் கிடந்த தீனியைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. வால் ஆடியது. கேம்பர் மீது அதற்குப் பயமே இல்லை. உள்ளே போக வேண்டும் என்ற ஏக்கமும் இல்லை. வண்டியில் ஏறச் சொன்னதும் குதித்து ஏறியது. பட்டையைப் பூட்டியபோதும் சும்மாதான் இருந்தது.

அம்மா வண்டியை நகர்த்தினார்.

"ஊஊஊ!"

'நின்னா கத்தலை. நகர்ந்தா கத்துறான்,' என்று யோசித்தாள் ஹேட்டி. 'நகரும்போது அப்படி என்னதான் தெரியுது இவனுக்கு?'

பெல்ட்டைக் கழற்றாமலே தலையைச் சாய்த்து, கிரேவியின் தலையோடு தன் தலையை ஒட்ட வைத்தாள். கன்னத்தில் எச்சில் ஒழுகியது. பரவாயில்லை. கிரேவி பார்க்கும் திசையிலேயே, பின்பக்கக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

அங்கே வானம் இல்லை, சாலை இல்லை. கண்ணாடி முழுக்க ஒரே வெள்ளை முகம். மேலே இரண்டு விளக்குகள், கண்கள் மாதிரி. அம்மா வேகமாகப் போனால் அதுவும் வேகமாக வந்தது. அம்மா வளைந்தால் அதுவும் வளைந்தது. பள்ளத்தில் தலையை ஆட்டிக்கொண்டு, கொஞ்சமும் பின்தங்காமல் வந்துகொண்டே இருந்தது.

ஹேட்டிக்கே முதுகு சில்லிட்டது. பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா! வீடு துரத்துது!"

"என்னது?"

"கேம்பர் அம்மா! நின்னா அது வீடு. நகர்ந்தா அது நம்மளைத் துரத்துது! நாம எவ்வளவு ஓடியும் விட மாட்டேங்குது. 'சீக்கிரம் போங்க, பிடிச்சிடும்'னு இவன் காலையிலேர்ந்து நமக்குத்தான் சொல்லிட்டு இருக்கான்!"

அப்பா காதிலிருந்து பஞ்சை எடுத்தார். "என்ன சொல்றா?"

"உன் நாய்க்கு நம்ம மேல அவ்வளவு அக்கறையாம்," என்றான் கிளைட். ஆனால் அவனும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். "அட, ஆமா! பார்த்தா பயமாத்தான் இருக்கு."

"அம்மா, இந்தக் கண்ணாடியை மூடினா உங்களுக்குக் கஷ்டமா?"

"அதுல எனக்கு என்ன தெரியுது? கேம்பர்தான் தெரியுது. நான் ஓட்டுறதே ரெண்டு பக்கக் கண்ணாடியைப் பார்த்துதான்," என்றார் அம்மா. "இரு, ஓரமா நிறுத்துறேன்."

தானியக் கிடங்கு ஒன்றின் அகலமான முற்றத்தில் வண்டி நின்றது. கிளைட் நீந்தப் போகும்போது துவட்டும் பெரிய துண்டை எடுத்துக் கொடுத்தான். அப்பா எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்த ஒட்டு நாடாவைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். ஹேட்டி பின்பக்கக் கண்ணாடியை மூலை முடுக்கு விடாமல் மூடினாள். நீலத் துண்டில் மஞ்சள் வாத்துகள் சிரித்தன.

"எல்லாரும் பெல்ட் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு அம்மா வண்டியைக் கிளப்பினார்.

எல்லோர் கவனமும் கிரேவி மேல்தான்.

கிரேவி பின்னால் திரும்பிப் பார்த்தது. வாத்துகள் தெரிந்தன. தலையை இந்தப் பக்கம் சாய்த்தது, அந்தப் பக்கம் சாய்த்தது. 'எங்கே போனது அது?' என்று கேட்பது போல ஹேட்டியைப் பார்த்தது.

"போயிடுச்சுடா," என்றாள் ஹேட்டி. "நாமதான் ஜெயிச்சோம்."

கிரேவி ஒரு பெரிய பெருமூச்சு விட்டது. முறுக்கிய உடம்பைத் தளர்த்தி முன்பக்கம் திரும்பியது. காலையிலிருந்து எல்லோரையும் காப்பாற்றிய களைப்பு இருக்காதா? தலையை ஹேட்டியின் மடியில் வைத்து, இரண்டு நிமிடத்தில் குறட்டை விடத் தொடங்கியது.

"இது என்ன சுருதிப்பா?" என்று கிசுகிசுத்தான் கிளைட்.

"எந்தச் சுருதியா இருந்தா என்ன? எழுப்பிடாதே!" என்று கிசுகிசுத்தார் அப்பா. போனை எடுத்து வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டார். "அக்கா, நான்தான். இல்லை, அவன் வரலை... தூங்குறான். அதான் மெதுவாப் பேசுறேன்... என்னது? பூனைங்ககிட்ட சொல்லிட்டியா? அதுங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு."

சாட்ரன் வந்தது. சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. இடப்பக்கம் திரும்பினால் அத்தை வீடு. நேராகப் போனால் ஏரி. அம்மா பழக்க தோஷத்தில் இடப்பக்கம் திரும்பும் விளக்கைப் போட்டிருந்தார். டிக், டிக் என்று அது அடித்துக்கொண்டிருந்தது.

அம்மா எட்டி அதை அணைத்தார். பச்சை விழுந்தது. பிக்கப் நேராகப் போனது. பின்னாலேயே, கொஞ்சமும் பின்தங்காமல், வீடும் வந்தது. கிரேவிக்கு அது தெரியவே தெரியாது.