தொட்டியில் எடுத்த அமைதி

அந்த இடைவெளி நேற்று இவ்வளவு நீளமாக இல்லை.

ஷிபா ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி ஓடவிட்டாள். திரையில் சுதாவின் குரல் பச்சை நிறத்தில் மேடும் பள்ளமுமாக நகர்ந்து வந்தது. "அவரு உள்ள எறங்கினப்ப மேல நின்னுகினு இருந்தவன் பேரு," என்றது குரல். அடுத்து வர வேண்டிய பெயரை நேற்று மாலை ஷிபாதான் வெட்டி எடுத்தாள். வெட்டிய இடம் பள்ளமாகத் தெரியாமலிருக்க அங்கே ஒரு துண்டு அமைதியை ஒட்டினாள். ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு சிறிய துண்டு. இன்று அது பெயரைத் தாண்டிப் போயிருந்தது. அடுத்த வாக்கியம் இல்லை. அதற்கடுத்து சுதா மூக்கை உறிஞ்சும் சத்தமும் இல்லை. நிகழ்ச்சியின் மொத்த நீளம் மட்டும் அப்படியே இருந்தது.

கை தவறி இழுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். இயற்பியல் படித்தவளுக்கு முதல் சந்தேகம் தன் கை மேல்தான் வர வேண்டும்.

வெள்ளானூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால், ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது அந்தச் சமுதாய வானொலி. மொட்டை மாடிக் கம்பத்திலிருந்து புறப்படும் அலை ஆவடியைத் தாண்டி, நல்ல நாளில் அம்பத்தூர் வரைக்கும் போகும். காலையில் தையல் கம்பெனிப் பெண்கள் தங்கள் கூலியைப் பற்றிப் பேசுவார்கள். மதியம் வார்டு கவுன்சிலரை மக்கள் கேள்வி கேட்பார்கள். மாலையில் அமல்ராஜின் கானாப் பாட்டு. ஷிபா பூந்தமல்லியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து இவர்கள் எல்லாருடைய குரலையும் வெட்டி ஒட்டுகிறவள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு தடவைகூட மைக்கில் பேசியதில்லை. நேயர்களின் பெயரை வாசிக்கச் சொன்னால்கூடத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

அமைதியில் பல வகை உண்டு என்பது இங்கே வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். தகரக் கூரை வீட்டின் அமைதி வேறு, கான்கிரீட் அறையின் அமைதி வேறு. அதனால் பேட்டி எங்கே எடுத்தாலும், முடிந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார வேண்டும். ரிக்கார்டர் அந்த இடத்தின் வெறுமையைப் பதிவு செய்துகொள்ளும். பிற்பாடு எந்தச் சொல்லை வெட்டினாலும் அந்த வெறுமையை வைத்து அடைத்தால் கேட்கிறவர் காது ஏமாந்துபோகும். சுதாவின் வீட்டில் அந்த நிமிடம் கிடைக்கவில்லை. ரயில் போனது, பிறகு பிள்ளை அழுதது.

ஆனால் ஷிபாவிடம் வேறு ஒரு அமைதி இருந்தது; நேற்று ஒட்டியது அதைத்தான்.

அதை அவள் சுதாவைப் பார்க்கப் போவதற்கு முன்பே எடுத்திருந்தாள். குமணன்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்புறம், சுதாவின் கணவன் வேம்புலி இறங்கிச் செத்த கழிவுநீர்த் தொட்டி. போலீஸ் கட்டிய நாடா அறுந்து சேற்றில் கிடந்தது. மூடி பாதி விலகியிருந்தது. நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அந்த இடத்தின் சத்தம் இருந்தால் நன்றாயிருக்குமே என்று தோன்ற, சுற்றிலும் ஒருவரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு, துப்பட்டாவால் மூக்கை மூடி, ஹெட்ஃபோனை மாட்டி, மைக்கை அதன் கறுப்பு வயரைப் பிடித்து மெல்ல உள்ளே இறக்கினாள். உள்ளே எதுவும் இல்லை. கனமான, உருண்டையான, காதை உள்ளிழுக்கும் எதுவுமில்லாமை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நின்றாள். நிமிடத்தின் கடைசியில் மட்டும், வெகு தூரத்தில் யாரோ மெத்தையில் கையால் அடிப்பது போல, மூன்று தடவை. முகம் சுளித்து மைக்கை மேலே இழுத்துவிட்டாள். அலுவலகம் வந்ததும் அந்த மூன்று சத்தத்தையும் இரைச்சல் என்று துடைத்துப் போட்டாள்.

அம்பத்தூர் வீட்டில் சுதா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேசியது அதற்குப் பிறகு. உத்தமன் என்கிற காண்டிராக்டர்தான் வேம்புலியைப் பாதுகாப்பு உறை, கயிறு எதுவும் இல்லாமல் இறக்கியவன். உள்ளேயிருந்து சத்தமே கேட்கவில்லை, கேட்டிருந்தால் தூக்கியிருப்பேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டான்.

"கத்தாம சாவுற ஆளா அவரு," என்றாள் சுதா. "தெருக்கோடில நின்னு கூப்ட்டா ரயிலு சத்தத்துல கூட எனக்குக் கேக்கும். அவன் பேரு பேப்பர்ல வரல, ஸ்டேஷன்ல எழுதல. உங்க ரேடியோவுல நான் சொன்னது சொன்ன மாதிரி வரணும். பேர மட்டும் வெட்டிடாத பாப்பா."

ஷிபா தலையாட்டினாள்.

மறுநாள் நிலையத்தை நடத்தும் கிருபாகரன் அவள் பின்னால் வந்து நின்று, நிகழ்ச்சி பிரமாதம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். இந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் உத்தமனின் மச்சினன். கம்பம் நிற்பது அவருடைய மொட்டை மாடியில். "பேரை மட்டும் எடுத்துடும்மா. விஷயம் அப்படியே இருக்குல்ல? நாளைக்குக் கம்பத்தைக் கழட்டுன்னு சொன்னா இத்தனை பேர் குரலும் போயிடும்."

அதற்கும் ஷிபா தலையாட்டினாள்.

அப்படித்தான் அந்தப் பெயர் போனது. இப்போது அது போன இடம் வளர்ந்துகொண்டிருந்தது.

ஒளிபரப்பு ஆறு மணிக்கு. மதியமே வெளியில் மழை இருட்டிக்கொண்டு வந்தது, ஆனால் ஸ்டூடியோவுக்குள் அது தெரியாது. ஜன்னல் கிடையாது. சுவரிலும் கூரையிலும் கறுப்பு ஸ்பாஞ்ச். கனத்த கதவைச் சாத்தினால் இடி, ரயில், பள்ளிவாசல் பாங்கு எல்லாம் வெளியே நின்றுவிடும். ஏசிக் காற்றில் ஈர ஸ்பாஞ்சின் வாசனையோடு இன்று வேறு ஒன்றும் இருந்தது. அழுகின முட்டை மாதிரி. லேசாக.

அமல்ராஜ் தலையை நீட்டி மூக்கைப் பிடித்துக்கொண்டான். "இன்னா ஷிபா, டிபன் பாக்ஸுல முட்டைய மறந்துட்டியா? இல்ல ஏசிக்குள்ள எலி செத்துக் கீதா?" மாமியார் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம், அவன் கிளம்ப வேண்டும். நிகழ்ச்சியை அவளே ஓட்டிவிடலாம், ஒரு பட்டன்தானே என்றான். "மைக்க நீ தொட மாட்ட. அது தெரிஞ்ச கதைதான். அப்பறம் இன்னா பயம்?"

அவன் போனதும் அவள் ரிக்கார்டரின் மெமரி அட்டையைக் கணினியில் செருகினாள். சுதாவின் வீட்டில் எடுத்த மூலப் பதிவு அதில் இருந்தது. யாரும் கை வைக்காதது, பெயர் பெயராகவே இருக்கும் பதிவு. ஓடவிட்டாள்.

"மேல நின்னுகினு இருந்தவன் பேரு," என்றாள் சுதா.

அமைதி. கனமாக, உருண்டையாக.

அது சுதா வீட்டு அமைதி இல்லை. தகரக் கூரை அதில் இல்லை. ஷிபாவுக்கு அது எந்த இடம் என்று தெரியும்.

அவள் கை தானாகவே கைபேசியை எடுத்தது. சுதா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் நிறையப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒருவருடைய ஆட்டோ ரேடியோவில் போட்டுக் கேட்கப்போகிறார்களாம், எல்லாரும் வந்துவிட்டார்களாம். ஷிபா தயங்கித் தயங்கிக் கேட்டாள், அந்த ஆள் பெயரை ஒரு தடவை சொல்ல முடியுமா அக்கா, போனிலேயே பதிவு செய்துகொள்கிறேன்.

"ஏன், அழிச்சிட்டியா?"

"இல்லக்கா. சொல்லுங்க."

சுதா சொன்னாள். சொல்ல வாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு தெருவும் ஆட்களும் மழையும் ஒரேயடியாக நின்றுபோய், காதை உள்ளிழுக்கும் அந்த வெறுமை வந்தது. பிறகு தெரு திரும்பி வந்தது.

"கேட்டுச்சா பாப்பா?"

"இன்னொரு தடவை."

மறுபடியும் அது. இந்த முறை இன்னும் நீளமாக.

"எத்தினி வாட்டி சொல்லுவாங்க? அதான் சொன்னேன்ல," என்றாள் சுதா. குரல் கடுத்திருந்தது. "ஆறு மணிக்குக் கேக்கறோம். பேரு வரலன்னு வையி, அவனுக்கும் உனக்கும் இன்னா வித்தியாசம்?"

அழைப்பு முடிந்த பிறகு ஷிபா தன் வாய்க்குள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். உத்தமன். இருந்தது. அவளிடம் இன்னும் இருந்தது. ஒருவேளை அவளிடம் மட்டும்.

ஆறு அடித்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. நிகழ்ச்சி தொடங்கியது. சுதா தன் பெயரைச் சொன்னாள், கல்யாணம் ஆன கதையைச் சொன்னாள். ஷிபா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை மேடுகள் நகர்ந்து வந்தன. வலது ஓரத்தில் அந்தத் தட்டையான கோடு தெரிந்தது. அது மேடுகள் நகரும் வேகத்தில் வரவில்லை. அதைவிட வேகமாக, மேடுகளை ஒவ்வொன்றாகச் சமன் செய்துகொண்டு, சுதாவின் குரலை எதிர்கொண்டு வந்தது. கல்யாணத்துக்கு நடுவிலேயே குரல் நின்றது.

சத்தம் அற்றுப்போனால் தானாகவே ஒரு பாட்டு ஓட வேண்டும். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது, ஒருநாளும் தவறியதில்லை. பாட்டு வரவில்லை. மிக்சரில் ஒலி அளவைக் காட்டும் விளக்குகளில் கடைசி விளக்கு மட்டும் மினுக்கியது. அணைந்தது. மினுக்கியது. கருவியைப் பொறுத்தவரை இது அமைதி இல்லை. ஏதோ ஒன்று மூச்சு விடாமல் இருக்க முயன்றுகொண்டிருந்தது.

நாற்றம் கெட்டியாகிவிட்டது. கண்ணில் எரிந்தது, நாக்கில் உலோகம் போல ஒட்டியது. கதவு நான்கடியில் இருந்தது. எழுந்து போய்விடலாம்.

கைபேசி அதிர்ந்தது. சுதா.

"ஒண்ணும் வரல," என்றாள். பின்னால் ஒருவரும் பேசவில்லை. "எல்லாம் காதைக் குடுத்துகினு ஒக்காந்துகினு கீறோம். சத்தமே கேக்கல பாப்பா."

ஷிபா கதவைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். அந்தப் பெயர் இப்போது எங்கும் இல்லை. கணினியில் இல்லை, அட்டையில் இல்லை, அதைச் சொன்னவளின் வாயிலும் இல்லை. சொல்ல ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். தொண்டை அடைத்தது. அடைக்கட்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்து அதைத் திறந்தாள். ஆழமாக மூச்சை இழுத்தாள்.

நாற்றம் நின்றது.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நிற்கவில்லை. சட்டென்று. அறை சுத்தமாக இருந்தது, மழை பெய்த காலை மாதிரி.

ஷிபா வேதியியலும் படித்தவள். கழிவுநீர்த் தொட்டியில் சேரும் அந்த வாயு முதலில் நாறும். அதிகமானால் மூக்கைக் கொன்றுவிடும். நாற்றம் நின்றால் காற்று நல்லதாகிவிட்டது என்று நினைத்துத்தான் ஆட்கள் இன்னும் ஒரு படி இறங்குவார்கள்.

சொல். இப்போதே.

"உத்தமன்," என்றாள்.

விளக்கு மினுக்கவில்லை.

"உத்தமன். மேல நின்னது உத்தமன்."

உதடு அசைந்தது. தொண்டை அதிர்ந்தது. ஹெட்ஃபோனில் எதுவும் இல்லை. அவளுடைய குரல் அவளுடைய காதுக்கே வரவில்லை. கத்தினாள். விலா வலிக்கக் கத்தினாள்.

எதுவும் இல்லை.

எழுந்தாள். கால் வழுக்கியது. தரை ஈரம். கதவு இருந்த பக்கம் கையை நீட்டினாள். சுவர். இன்னொரு பக்கம். சுவர். வளைந்துகொண்டே போகும் சுவர். சிவப்பு விளக்கு எங்கே. திரை எங்கே. கணுக்கால் வரை குளிர்ந்தது. முட்டி வரை.

மேலே மட்டும் வெளிச்சம்.

அண்ணாந்து பார்த்தாள். கறுப்பு ஸ்பாஞ்ச் கூரை இல்லை. பாதி மூடிய ஒரு வட்டம், அதற்கு மேல் மழைக்கு முந்தைய சாம்பல் வானம். வட்டத்தின் நடுவே கறுப்பு வயரில் தொங்கிக்கொண்டு ஒரு மைக் மெல்ல இறங்கி வந்தது. கைக்கு எட்டாத உயரத்தில் நின்று லேசாக ஆடியது.

விளிம்பில் ஒரு தலை. துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்தது. காதில் ஹெட்ஃபோன். கண்கள் மூடியிருந்தன. உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஷிபா பெயரைக் கத்தினாள். உத்தமனின் பெயரை. பிறகு வேம்புலியின் பெயரை. பிறகு தன் பெயரை.

மேலே நின்றவளின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஷிபா சுவரில் கையால் அடித்தாள். மெத்தென்றிருந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி.

மூன்றாவது அடியில் மேலே அந்த முகம் சுளித்தது. மைக் ஏறத் தொடங்கியது.