கண் போன பக்கம்

"நான் சொல்லிக்கொடுத்ததால என் பிள்ளைங்க கெட்டுத்தான் போயிருக்காங்கன்னு மார்க் சொல்லுது, மேடம்."

இப்படிச் சொல்லிக்கொண்டே மடிக்கணினியை மேசைமேல் வைத்தார் தொடர்பியல் துறை விரிவுரையாளர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பல்கலைக்கழகத்தின் கற்றல் மதிப்பீட்டு அலுவலகத்தில் இருப்பது இரண்டே பேர். அலுவலரை எல்லாரும் நிதானம் என்பார்கள். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். அவருடைய உதவியாளர் அவசரம். எள் என்றால் எண்ணெயாக நிற்பவர், எள்ளே கேட்காதபோதும்.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் நிதானம்.

"வருஷ ஆரம்பத்துல ஒவ்வொரு மாணவரையும் பேசவச்சுப் படம் எடுத்தோம். முதல் தடவைங்கிறதால காமிராவைப் பார்த்ததுமே எல்லாருக்கும் நாக்கு ஒட்டிக்கிச்சு. வருஷ முடிவுல அந்தத் தொல்லையே இல்லாமப் பண்ணி, மறுபடி எடுத்தேன். ரெண்டையும் கலந்து வெளித் தேர்வாளருக்கு அனுப்பினோம். எது முந்தினது, எது பிந்தினதுன்னு அவங்களுக்குத் தெரியாது. பிந்தினதுக்குத்தான் மார்க் கம்மி! நாளைக்குக் குழு கூடுது. இந்த மேடைப்பேச்சுப் பாடத்தையே நீக்கிடலாம்னு துறைத்தலைவர் சொல்றாரு. பாடம் போனா என் வேலையும் போச்சு."

"அந்தத் தேர்வாளர் யாரு, கத்தரியா?" அவசரம் துள்ளினார். மார்க்கை வெட்டுவதில் பேர்போன அம்மாள் அவர். "ஏதோ பகை இருக்கு, அக்கா!"

"எது எந்தப் படம்னே தெரியாதவங்க யார்மேல தம்பி பகை தீர்ப்பாங்க?"

"அப்போ முந்தினதையும் பிந்தினதையும் யாரோ மாத்தி எழுதிட்டாங்க!"

நிதானம் மதிப்பெண்களைப் பார்த்தார். கோர்வையாகப் பேசுவதற்கான மதிப்பெண் ஏறியிருந்தது. குரலுக்கும், கேட்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுவதற்கும் உள்ளவை மட்டும் சரிந்திருந்தன.

"மாத்தி எழுதியிருந்தா எல்லாமே சேர்ந்து இறங்கியிருக்கும். இதுல ஒண்ணு ஏறியிருக்கே" என்றவர் படங்களை ஓடவிட்டார்.

முந்தைய படத்தில் ஒரு மாணவி. முணுமுணு என்று வகுப்பில் செல்லப்பெயராம். கண்ணை அகல விரித்து நேரே பார்த்தபடி, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். தலைக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம் தெரிந்தது. பிந்தைய படத்தில் அவளே நிமிர்ந்து நின்றாள். பேச்சு மெல்லியதாகக் கேட்டது. பார்வை இடப்பக்கமாகவே இருந்தது. தலைக்குப் பின்னால் ஒரு அலமாரி. நடுவில் சிறிது நிறுத்தினாள். எங்கிருந்தோ சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு தொடர்ந்தாள்.

அடுத்தவன், அதற்கடுத்தவள், எல்லாருக்கும் பார்வை இடப்பக்கமே.

"அறையை மாத்தினீங்களா?" என்று கேட்டார் அவசரம்.

"இல்லையே, அதே கூடம்தான்."

நிதானம் செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, அந்தக் கூடத்தைப் பார்த்துட்டு வரலாம்."

பேச்சு மேசை தரையோடு திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தது. அதன் பின்சுவரில் கடிகாரம். பக்கச் சுவரில் அலமாரி. எதிரே நாற்காலி வரிசைகள். நிதானம் ஜன்னல் மூலைக்குப் போய் நின்று, பேச்சு மேசையைப் பார்த்துப் புன்னகைத்தார். என்ன என்று கேட்டுக் கேட்டு அவசரம் களைத்துப் போனார்.

மறுநாள் குழு அந்தக் கூடத்திலேயே கூடியது. கத்தரியை மட்டும் பக்கத்து அறையில் ஒரு திரைக்கு முன்னால் உட்காரவைத்தார் நிதானம்.

"ஐயா, பாடத்தை ஏன் நீக்கணும்னு நீங்களே மேடையில நின்னு சொல்லிடுங்க" என்றார் துறைத்தலைவரிடம்.

மேடை என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுவதுபோல. குழுவினரை ஒவ்வொருவராகப் பார்த்து, கையை வீசி முழங்கினார். ஜன்னல் மூலையில் இருந்த காமிரா அதைச் சத்தமில்லாமல் படம்பிடித்துப் பக்கத்து அறைத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. பேச்சு முடிந்ததும் கத்தரி உள்ளே வந்தார்.

"கோர்வை பிரமாதம். ஆனா குரல் எட்டலை. கேக்கறவங்களை ஒரு தடவைகூடக் கண்ணெடுத்துப் பார்க்கலை. அதுல பாஸ் மார்க் போட முடியாது."

"என்னது!" துறைத்தலைவர் கொதித்தார். "இத்தனை பேரையும் பார்த்துத்தானே பேசினேன்!"

"மாணவர்களும் அதைத்தான் செஞ்சாங்க, ஐயா" என்றார் நிதானம்.

பிறகு ஜன்னல் மூலையில் இருந்த காமிராவைக் கைகாட்டினார்.

"பயந்தவங்க கண்ணு தரைக்குப் போகும், கூரைக்குப் போகும். எல்லாருக்கும் ஒரே பக்கம் போகாது. அந்தப் பக்கம் ஆள் இருந்தாத்தான் போகும். சிரிப்பும் கேட்டுது. அப்போ கூட்டம் அங்கதான் இருந்திருக்கு. மேசையை நகர்த்த முடியாது. ஆனா கடிகாரம் போய் அலமாரி வந்திருக்கு. நகர்ந்தது காமிரா. முதல் தடவை அது மூஞ்சிக்கு நேரா நின்னுது. பாம்பைக் கண்ட தவளை மாதிரி அதையே வெறிச்சாங்க. அது நேர்ப்பார்வைன்னு மார்க் வாங்கிடுச்சு. பிந்தினதுல காமிராவை மறந்து மனுஷங்களைப் பார்த்தாங்க. அதுக்கு மார்க் போச்சு. குரலும் கூட்டத்துக்குப் போச்சு, மூலையில இருந்த காமிரா மைக்குக்கு வரலை."

"யாரு நகர்த்தினது?" அவசரத்தால் தாங்க முடியவில்லை.

விரிவுரையாளர் வாயைப் பொத்திக்கொண்டார். "நான்தான்! பிள்ளைங்க பயப்படறாங்களேன்னு நான்தான் மூலைக்குத் தள்ளிவச்சேன்..."

"உங்க கருணைதாம்மா உங்களையே மாட்டிவிட்டுது" என்றார் நிதானம். "கணக்கை இப்பவே நேர்பண்ணிடலாம். கத்தரி அம்மா, இங்கேயே உக்காந்து கேளுங்க."

வாசலில் காத்திருந்த முணுமுணு மேடையேறினாள்.

"எங்க வீட்டுல போன் அடிச்சா நான் அண்ணன்கிட்ட குடுப்பேன். அவன் அம்மாகிட்ட குடுப்பான். அம்மா ராங் நம்பர்னு சொல்லி வச்சிடுவாங்க. பேசப் பயந்த குடும்பம் எங்களுது. போன வாரம் நானே எடுத்தேன். நிஜமாவே ராங் நம்பர். ஆனாலும் கால் மணி நேரம் பேசினேன்!"

குழு முழுவதும் சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, கடைசி வரிசைவரை பார்த்து, மேலே பேசினாள். அவள் குரல் வராந்தாவில் போனவர்களையும் நிறுத்தியது. முடிந்தபோது கைதட்டலில் துறைத்தலைவருடைய கையும் இருந்தது.

"மார்க் எவ்வளவு?" என்று ஓடினார் அவசரம்.

கத்தரி தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. "அடடா, கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்" என்றார் வெட்கத்தோடு. "எல்லாரையும் மறுபடி நேர்ல கேக்கறேன். ஆனா இந்தப் பாடத்தை யாரும் தொடக்கூடாது."

"பாடமும் இருக்கும், பாடம் நடத்தறவங்களும் இருப்பாங்க" என்றார் துறைத்தலைவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் படத்தை மட்டும் அழிச்சிடுங்க" என்றார்.

விரிவுரையாளர் அப்போதுதான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.