ஆறங்குலத் தளம்

மழை சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டது. நர்சுகள் விடுதியின் பழைய தூண்களை அளந்துவிட்டுத் தெருவுக்கு வந்தவள், அளவுநாடாவைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பக்கத்தில் பாதி எழும்பி நின்ற குடியிருப்புக்குள் ஓடி ஒதுங்கினாள். ஈரச் சிமெண்ட் வாசம்... தலைக்கு மேலே புதிதாகப் போட்ட தளம். பழக்கதோஷம், அண்ணாந்து பார்த்தாள்.

"வீடு பார்க்க வந்தீங்களா?"

திரும்பினாள். கதவு வைக்காத வாசலில் ஒருவன். தோளெல்லாம் மழை. இமை நுனியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. உதடு சிரிக்கவில்லை, கண்கள் சிரித்தன... அவள் மறுபடியும் தளத்தை அண்ணாந்து பார்த்தாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவன் வீட்டைக் காட்ட ஆரம்பித்துவிட்டான். சமையலறை, ஜன்னல், காற்று வரும் திசை. கடைசியில் பெருமையாக மேலே கைகாட்டினான்.

"எட்டங்குலம். யானையே நடந்தாலும் அசையாது."

"வீட்டை யானைக்கா விக்கிறீங்க?"

அவன் விழித்தான். இந்த அறைக்கு ஐந்து அங்குலம் போதும், மிச்சம் மூன்று அங்குலம் யாருக்கும் உதவாமல் தலைக்கு மேலே சும்மா கிடக்கிறது என்று அவள் சொன்னாள். அப்படி என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டான்.

"கஞ்சத்தனம்தான்... அதுக்குச் சம்பளமும் தர்றாங்க."

தூறலாகிவிட்ட மழையில் இறங்கி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் அவன் சிரிப்பது கேட்டது. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் கேட்டது.

மறுநாள் விடுதிக் கமிட்டி அறையில் அதே கண்கள்... விடுதியைக் கட்டப்போகும் காண்ட்ராக்டர் அவன்தான்.

கட்டடத்தின் அழகைப் பார்ப்பவர்கள் வேறு, எலும்பைப் பார்ப்பவள் அவள். எந்தத் தூண் எவ்வளவு சுமக்கும், எந்தத் தளம் எவ்வளவு கனம் வேண்டும் என்று கணக்குப் போடும் பொறியாளர். கமிட்டித் தலைவியான டாக்டரம்மா அவளிடம் கேட்டது ஒன்றுதான்: இந்தக் கட்டடத்தால் காற்றில் கலக்கும் கரியமில வாயுவை எவ்வளவு குறைக்க முடியும்? அவள் சொன்ன வழி எளிமையானது. பழைய அஸ்திவாரத்தையும் தூண்களையும் இடிக்கவே வேண்டாம். அவற்றின் மேலேயே இரண்டு மாடி எழுப்பலாம். ஒரே ஒரு நிபந்தனை, மாடித்தளம் ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. எட்டு என்றால் பழைய தூண்கள் தாங்காது, எல்லாவற்றையும் உடைத்துவிட்டு மண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவன் எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நின்றான். அவளும் சளைக்கவில்லை. அவன் அவளைக் 'கஞ்சம்' என்றான், அவள் அவனை 'எட்டங்குலம்' என்றாள். சிமெண்ட் மேல் அப்படி என்ன பகை என்று ஒருநாள் கேட்டான். சூளை எரிய நெருப்பு வேண்டும், அது ஒரு புகை... அந்த நெருப்பில் வேகும் சுண்ணாம்புக்கல் தன் பங்குக்குத் தானும் கரியமில வாயுவைக் கக்கும், ஒரு மூட்டை சிமெண்டுக்கு அரை மூட்டை எடைக்கு மேல் வானத்துக்குப் போய்விடுகிறது என்று அவள் விளக்கினாள். கண்ணிமைக்காமல் கேட்டான். கல்லையா கேட்கிறான், என்னையா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. வந்த சந்தேகம் இனித்தது.

ஒரு வாரம் கழித்து அவனே போன் செய்தான். பாதி சிமெண்டுக்குப் பதில் இரும்பு ஆலைக் கசடுப்பொடி கலக்கச் சம்மதம், அது மெதுவாகத்தான் இறுகும், அதனால் தளத்தைத் தாங்கும் மர முட்டுகளைப் பத்து நாள் கூடுதலாக விட்டுவைக்கிறேன் என்றான். "உங்களுக்காக இல்ல. வானத்துக்காக," என்று சேர்த்துக்கொண்டான். அவள் போனை வைத்துவிட்டு வெகுநேரம் வரைபடத்தில் ஒரே கோட்டின் மேல் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஆறு அங்குலத்துக்கு மட்டும் அவன் மசியவில்லை. ஏன் என்று அவள் குடைந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துப்போனான். அப்பாவிடம் அறிமுகப்படுத்தவும்தான் என்று படியேறும்போது மெல்லச் சொன்னான். அவள் காதுமடல் சூடானது.

அவன் அப்பா அந்தக் காலத்தில் பெரிய காண்ட்ராக்டர். பதினாறு வருடங்களாக கட்டடம் எழும்பும் எந்த இடத்திலும் கால் வைத்ததில்லை. அவர் கட்டிய ஒரு வீட்டில், முட்டுகளைப் பிரித்த அன்றைக்கே மாடி பால்கனி இடிந்து விழுந்து, கீழே நின்ற அவருடைய தம்பி அங்கேயே இறந்துபோனார். வரைந்து கொடுத்த இன்ஜினியர் கஞ்சத்தனம் பண்ணிவிட்டான் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். அந்த இன்ஜினியர் பெயர் கெட்டு, தொழிலையே விட்டுவிட்டாராம். பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தளம் எத்தனை அங்குலம் என்று கேட்டார். ஆறு என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவன் தயங்கித் தயங்கி ஒரு பழைய கோப்பைக் கொடுத்தான். அந்த விபத்து வழக்கின் காகிதங்கள், வரைபடம், புகைப்படங்கள். படித்தால் எங்கள் பயம் புரியும் என்றான்.

வீட்டில் பிரித்துப் பார்த்தாள். மூன்றாவது புகைப்படத்திலேயே கை நின்றுவிட்டது. சுவரிலிருந்து வெளியே நீளும் பால்கனி தொய்யும்போது இழுபடுவது அதன் மேற்புறம். கம்பி மேலேதான் இருக்க வேண்டும். வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. படத்திலோ உடைந்த விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் அத்தனையும் அடியில் கிடந்தன. இன்ஜினியர் மேல் தப்பே இல்லை. காங்கிரீட் போட்ட அன்றைக்கு யாரோ கம்பியை மிதித்துக் கீழே இறக்கியிருக்கிறார்கள்... நின்று பார்த்திருக்க வேண்டியவர் பெரியவர்.

கோப்பை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள், அவனிடம் சொல்லப்போவதில்லை. செத்தவர் செத்துவிட்டார், இருப்பவர்களை ஏன் நோகடிக்க வேண்டும் என்று நினைத்தாள். காதல் அவளையும் கொஞ்சம் கோழையாக்கியிருந்தது.

கடைசிக் கமிட்டிக் கூட்டத்துக்குப் பெரியவர் அழையாமலே வந்தார். எல்லோருக்கும் முன்னால் தன் தம்பி செத்த கதையைச் சொன்னார். குரல் உடைந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியது. எதற்கு வம்பு, இடித்துவிட்டு எட்டங்குலமாகவே போட்டுவிடலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். அவள் அவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை... இவள் கணக்கு சரிதான் என்று அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து வந்த பொண்ணு போட்ட கணக்கை நம்பி இன்னொரு உயிரைக் கொடுக்கணுமா?" என்றார் பெரியவர்.

 அவள் பையிலிருந்து அந்த வழக்குக் கோப்பை எடுத்தாள். அந்தப் படத்தை மேஜை நடுவில் வைத்தாள். ஒவ்வொரு கம்பியாகச் சுட்டிக்காட்டினாள்.

"உங்க தம்பியைக் கொன்னது கஞ்சத்தனம் இல்லைங்க ஐயா. அன்னைக்கு நீங்க கவனிக்காம விட்டதுதான்."

 பெரியவர் மறுத்துப் பேசவில்லை. மகனை ஒருமுறை பார்த்தார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, யாரிடமும் சொல்லாமல் போனார். அவனும் கூடவே எழுந்து போனான். ஆறங்குலம் ஏகமனதாக நிறைவேறியது.

வேலை நடந்தது. அவன் சொன்ன சொல் தவறவில்லை, வரைபடத்தில் இருந்தது இருந்தபடி கட்டினான். காங்கிரீட் போட்ட அன்றைக்குக் கம்பிகளுக்கு நடுவே காலையிலிருந்து உட்கார்ந்து, யாரையும் மிதிக்க விடாமல் பார்த்துக்கொண்டான். அவளிடம் மட்டும் "சரிங்க மேடம்" தவிர வேறு பேச்சில்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்கும்போதெல்லாம், கஞ்சம் என்று திட்ட மாட்டானா என்று அவள் மனம் ஏங்கியது. மன்னிப்புக் கேட்கப் பலமுறை வாயெடுத்தாள். உண்மையைச் சொன்னதற்கு என்ன மன்னிப்பு என்று ரோஷம் தடுத்தது.

முட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. வெளியே தூறல். ஒவ்வொரு முட்டாக விழ, அவன் தளத்துக்கு நேர் கீழே போய் நின்றான். தள்ளி நிற்கச் சொன்னாள். கேட்கவில்லை. அவளும் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டாள். கடைசி முட்டும் விழுந்தது. தளம் இம்மியும் அசையவில்லை. ஆட்கள் மரச்சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

"அந்தக் கம்பியை மிதிச்சது நான்," என்றான் அவன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"படிப்பு முடிச்ச வருஷம். அன்னைக்கு அப்பா ஊர்ல இல்ல, என்னை நம்பி விட்டுட்டுப் போயிருந்தாரு. மழை வரப்போகுது, சீக்கிரம் கொட்டுங்கன்னு நானே மேல நின்னு விரட்டினேன். சித்தப்பா செத்ததும் அப்பாவுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. பழியை இன்ஜினியர் மேல போட்டுட்டாரு. அதுக்கப்புறம் நான் எல்லாத்தையும் எட்டங்குலமாப் போட்டேன்... பயத்துல."

"அன்னைக்குக் கூட்டத்துல இதைச் சொல்லியிருக்கலாமே..."

"வாய் வரல. உங்க முன்னால எப்படிச் சொல்றது? அவரும் என்னைக் காட்டிக் கொடுக்கல. அன்னையிலேர்ந்து ரூமை விட்டு வெளிய வர்றதில்ல."

அவள் அருகிலிருந்த தூணில் சாய்ந்தாள். அந்தத் தப்பைச் செய்யாத மனிதரை நாலு பேர் முன்னால் குற்றவாளி ஆக்கியிருக்கிறாள். 

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "அந்தப் படத்தை நான் எடுத்திருக்கவே வேண்டாம். மாதிரிக்கு ஒரு துண்டுத் தளம் போட்டு, மணல் மூட்டை ஏத்திக் காட்டுறேன்னு சொல்லியிருந்தாப் போதும், ஒத்துக்கிட்டிருப்பாங்க. அது அப்பவே எனக்குத் தெரியும். ஜெயிக்கணும்னுதான் எடுத்தேன்... நீங்க எனக்காகப் பேசலைங்கிற ஆத்திரம்."

 நாளைக்குப் பழி சுமந்த அந்த இன்ஜினியரைத் தேடிப் போகிறேன் என்றான் அவன். உயிரோடு இருந்தால் அவர் காலில் விழுவேன். அதன் பிறகு இந்தத் தொழிலில் இருப்பேனா, தெரியவில்லை என்றான்.

"எங்க வீட்டுப் படியில உங்களால இனி ஏற முடியுமா?" என்று கேட்டான்.

அந்தப் பெரியவரின் முகம், மேஜையைப் பிடித்த விரல்கள்... அவள் தலையசைத்தாள். முடியாது.

அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனான். அங்கே நின்றான். அவளைப் பார்க்காமலே நின்றான்.

"எனக்கு உங்களைப் பிடிக்கும்," என்றாள் அவள் அந்த முதுகைப் பார்த்து. "இவ்வளவையும் கேட்ட பிறகும் பிடிக்குது... அதைத்தான் என்னால மன்னிக்க முடியல."

அவன் மழையில் இறங்கி நடந்தான்.