இரண்டு ராணிகளை மடக்கிய கை

ரோண்டா ஹால்பெர்க் உட்கார மறுத்துவிட்டாள். பூட்ஸில் ஒட்டியிருந்த பனி இர்மா லெஹ்டினனின் கம்பளத்தில் கரைந்து ஓட, நின்றபடியே பேசினாள்.

"என் அக்கா பையனை என் புருஷன் வீட்டைவிட்டுத் துரத்திட்டாரு. இந்தக் குளிர்ல. ஒரு சீட்டாட்டத்துக்காக. அவன் செய்யலைன்னு நீங்க காட்டணும். இல்லேன்னா நானும் அந்த வீட்டுல இருக்கப் போறதில்ல."

இர்மா காவல்துறையில் புலனாய்வு செய்து ஓய்வுபெற்றவள். கனடாவின் தண்டர் பே ஊரில் சிக்கல் என்றால் இன்னும் அவள் கதவைத்தான் தட்டினார்கள். பேருந்து ஓட்டும் வேலை போன பிறகு கர்ட்டிஸ் அவளுக்குக் கார் ஓட்டினான். அவளுக்கு முன்னால் முடிவுக்கு வந்துவிடுவதும் அவன் வழக்கம்.

ரோண்டா சொன்னது இதுதான். ஞாயிறு மதியம், அவள் தேவாலயத்துக்குப் போயிருந்தபோது, அவள் கணவன் கோர்டி சமையலறைக் கணினியில் போக்கர் போட்டி ஆடிக்கொண்டிருந்தான். பத்துப் பேர் ஆடும் சின்னப் போட்டி. கடைசிவரை நிற்கும் ஐந்து பேருக்கும் ஒரே பரிசு: மாண்ட்ரியலில் நடக்கும் பெரிய போட்டியில் ஓர் இடம். ஆறு பேர் மிஞ்சியிருந்தார்கள். கையிலிருந்த பந்தயச் சில்லுகளின் கணக்கில் கோர்டி இரண்டாவது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டி பனியில் சிக்கியது. தள்ளிவிடப் போன கோர்டி திரும்பியபோது, அவன் பெயரில் யாரோ இரண்டு ராஜாக்களை நம்பி மொத்தச் சில்லையும் கட்டித் தோற்றிருந்தார்கள். ஆறாவது ஆளாக வெளியே.

வீட்டில் இருந்தவர்கள் இருவர். நிலவறையில் குடியிருந்த அக்கா மகன் டிரென்ட். கோர்டியின் நண்பன் மர்ரி. தான் கராஜில் புகைத்துக்கொண்டிருந்ததாகவும், உள்ளே வந்தபோது பையன் கணினியைவிட்டு நகர்ந்ததாகவும் மர்ரி சொன்னான்.

காரில் ஏறியதும் கர்ட்டிஸ் சொன்னான்: "பையன்தான். ரெண்டு ராஜா கையில வந்தா எவன் விடுவான்?"

"கோர்டி விட்டிருப்பான்."

"ராஜாவையா?"

"முதல் இடத்துக்கும் அஞ்சாவது இடத்துக்கும் ஒரே பரிசு, கர்ட்டிஸ். அவன்கிட்ட சில்லு நிறைய இருந்துச்சு. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாலே போதும், சில்லு இல்லாதவன் எவனாவது தானா வெளியே போயிருப்பான்."

டிரென்ட் தான் வேலை செய்யும் டயர் கடையின் பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்து வந்தவனின் முகம் கடுகடுவென்றிருந்தது.

"நான் தொடல. அந்தாளு நம்பல. அவ்வளவுதான்."

"அந்தப் போட்டியில பரிசு எப்படின்னு தெரியுமா?" என்றாள் இர்மா.

"ஜெயிக்கிறவனுக்குத்தான் பெரிசா இருக்கும். வேற எப்படி?"

இர்மா தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

ஆடிய ஆட்டங்களைத் திரும்பப் பார்க்க அந்தப் போக்கர் தளத்தில் வசதி இருந்தது. கோர்டி தோற்றதை மட்டும் பார்த்துவிட்டு மூடியவன், அதன்பின் கணினியைத் திறக்கவே இல்லை. இர்மாவும் கர்ட்டிஸும் அந்தக் கணினியில் தனியாக உட்கார்ந்து பார்த்தார்கள். ராஜாக்களுக்குச் சற்று முன்பு, கோர்டி வெளியே இருந்தபோதே, அவன் பெயருக்கு இரண்டு ராணிகள் வந்திருந்தன. கோர்டியின் இடத்தில் ஆடிய கை கொஞ்சம் கட்டியது. சில்லு அதிகமாக வைத்திருந்த ஆள் மொத்தத்தையும் பந்தயமாகத் தள்ளினான். கை யோசித்தது, பிறகு மேற்கொண்டு கட்டாமல் ராணிகளை மடக்கிவிட்டது. அப்போது மேசையிலேயே குறைந்த சில்லு 'சாம்பல் நாய்' என்ற புனைபெயர்க்காரனிடம் இருந்தது. இன்னொரு சுற்றுக்குக்கூடத் தாங்காது.

எல்லோரும் சமையலறையில் கூடினார்கள். டிரென்ட் மட்டும் வர மறுத்துவிட்டான்.

"வராமலே ஒத்துக்கிட்டான் பாருங்க," என்றான் கோர்டி.

"நீங்க வாயை மூடுங்க," என்றாள் ரோண்டா.

இர்மா நிதானமாகத் தொடங்கினாள். "ராஜாக்களுக்கு முன்னாடி ரெண்டு ராணி வந்திருக்கு. அதை மடக்கியிருக்காங்க. பையன் பயந்துட்டான்னு நினைக்கிறேன்."

மர்ரி சிரித்தான். "அது பயம் இல்லம்மா. ஆட்டம் தெரிஞ்சா இப்படிச் சொல்லமாட்டீங்க. பெரிய ஆளு மொத்தத்தையும் தள்ளிட்டான். அஞ்சு பேருக்கும் ஒரே பரிசுன்னா மடக்கித்தான் ஆகணும்."

"அவன் மொத்தத்தையும் தள்ளினான்னு நான் சொல்லலையே, மர்ரி."

மர்ரியின் சிரிப்பு நின்றது. பையன்மேல் பழிபோட்ட தன்மீதே கர்ட்டிஸுக்கு எரிச்சல் வந்தது.

"நீங்க கராஜ்ல இருந்தீங்க. கோர்டி அதைப் பார்க்கவே இல்ல. இந்த வீட்டுல அதைப் பார்த்தது ஆடின ஆள் மட்டும்தான்," என்றாள் இர்மா. "ராணிகளை மடக்கினவனுக்குக் கணக்கு தெரியும். டிரென்டுக்குப் பரிசு எப்படின்னே தெரியல. கணக்கு தெரிஞ்சவன் அதே ஆளுக்கு எதிரா ராஜாக்களை வச்சு மொத்தத்தையும் கட்டினா, அது ஆசை இல்ல. கோர்டி வெளியே போகட்டும்னு கட்டினது. கோர்டி வெளியே போனதும் யாரு தப்பிச்சாங்க? சாம்பல் நாய். அந்தப் பேர்ல போன்ல ஆடினது நீங்கதானே? உங்க போனை மேசைமேல வைங்க."

மர்ரி போனை எடுக்கவில்லை. சட்டைப்பையின்மேல் கையை அழுத்திக்கொண்டான்.

"நீ ரெண்டு தடவை மாண்ட்ரியல் போயிட்ட, கோர்டி," என்றான் கடைசியில். "ராணி வந்தப்ப உனக்காக ஒழுங்காத்தான் ஆடினேன். அப்புறம் என் சில்லு கரைஞ்சு போச்சு. ஒரு தடவை நான் போனா என்ன?"

"உனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் குடுத்தவன்டா நான்." கோர்டி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "எங்கிட்ட கேட்டிருந்தா என் இடத்தையே குடுத்திருப்பேன். பையன்மேல பழியைப் போட்டியே, அதுக்கு என்னடா சொல்ற? வெளியே போ."

மர்ரி கோட்டைக்கூட மாட்டாமல் போனான்.

கர்ட்டிஸ்தான் கோர்டியையும் ரோண்டாவையும் டயர் கடைக்கு அழைத்துப் போனான். டிரென்ட் ஒரு லாரிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். கோர்டி எல்லாவற்றையும் சொன்னான். மன்னிப்பும் கேட்டான். பையன் நிமிரவில்லை.

"மர்ரி சொன்னதும் நம்பிட்டீங்க. 'நீ செஞ்சியாடா'ன்னு என்கிட்ட ஒரு தடவை கேட்டீங்களா, சித்தப்பா?"

"இல்ல. கேக்கல," என்றான் கோர்டி.

டிரென்ட் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு ரோண்டாவைப் பார்த்தான். "உங்களுக்காக ஞாயித்துக்கிழமை சாப்பிட வரேன், சித்தி. அந்த வீட்டுல இனி தூங்கமாட்டேன்."

பிறகு அடுத்த சக்கரத்தை நோக்கிப் போய்விட்டான்.